கத்தால்டோவின் மூக்கு

நீங்கள் கொடுத்த காப்பியைத் தொடாமல் வைத்திருக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. காலை வேளையில் ஆலிவ் எண்ணெய் ருசி பார்க்கிறவன் நான். அதற்கு முன்னால் காப்பி ஆகாது. இன்றைக்கு ருசி பார்க்கப் போவதில்லைதான். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

எங்கள் கூட்டுறவு ஆலையின் ருசி மேசைக்குக் கத்தால்டோ தலைவர். அவருக்கு ஒரு பக்கம் மனைவி நுன்சியா, மறுபக்கம் நான். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதென்று நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் எண்ணெய் வரும். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, முகர்ந்து, பிறகு காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். நல்ல எண்ணெய் நாக்கில் கசக்கும், தொண்டையில் மிளகுபோல் உறைக்கும். நாங்கள் இருமினால் ஆலைக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் கெட்டதைக் காட்டிக்கொடுப்பது மூக்குதான். முதல் தரமா இல்லையா என்பதில் தலைவர் சொல்வதே முடிவு.

போன அறுவடையின்போது நுன்சியா தன் அக்காளைப் பார்க்கப் பாரி நகரத்துக்குப் போயிருந்தாள். அன்று வந்த கிண்ணங்களில் ஒன்று என்னுடையது. கிண்ணத்தில் பெயர் இருக்காது. இருந்தாலும் என் மரத்து எண்ணெய் எனக்குத் தெரியாதா? தக்காளி இலையைக் கசக்கினாற்போல் வாசனை. கத்தால்டோ உறிஞ்சினார், யோசித்தார். "காறல் வாடை அடிக்குதே. தள்ளி வைங்க" என்றார். என் ஒரு வருஷத்து உழைப்பு விளக்கெரிக்கிற எண்ணெயோடு சேர்ந்தது.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. சந்தேகம் மட்டும் வந்தது. அடுத்த தடவை, காறிப்போன எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்து ஒரு கிண்ணத்தை நானே வைத்தேன். கசக்கும், உறைக்கும், நாறும். கத்தால்டோ திருப்தியாக இருமினார். பக்கத்தில் நுன்சியா, வாயைச் சுத்தம் செய்ய வைத்திருந்த ஆப்பிள் துண்டை நறுக்கென்று கடித்தாள். உடனே அவர், "ஆனா காறலாச்சே" என்றார். அன்று முழுக்கக் கவனித்தேன். எந்தக் கிண்ணத்துக்கு அவள் ஆப்பிளைக் கடித்தாளோ அதெல்லாம் கெட்டது. முந்தின வருஷம் வந்த காய்ச்சலில் அவருக்கு மூக்கு போய்விட்டிருந்தது. பெண்டாட்டி மூக்கை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மேசை கலைந்ததும் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அண்ணே, மூக்குல ஏதாச்சும் தொந்தரவா?"

"எனக்கா? உன் வீட்டு அடுப்புல என்ன தீயுதுன்னு இங்கேருந்தே சொல்வேன்டா சவினோ. உன் எண்ணெய் காறிப்போனா அதுக்கு என் மூக்கு என்ன பண்ணும்?"

நுன்சியா சிரித்தாள். "விடுங்க சவினோ. அடுத்த வருஷமாச்சும் தொட்டியை நல்லாக் கழுவி வைங்க."

அவமானமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. தலைவருக்கு மூக்கு இருக்கிறதா என்று யாராவது சோதிக்க வேண்டாமா? நுன்சியாவின் மூக்கு பக்கத்தில் இருக்கிறவரை அது நியாயமான சோதனை ஆகாது. அதனால் காத்திருந்தேன். நவம்பரில் வடக்குக் காற்று வீசியதும் அவளுக்குச் சளி பிடித்தது. சளி பிடித்தவர்கள் மேசையில் உட்காரக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னதும் நான்தான்.

மதியம் அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுப் பின்கதவு எப்போதும் திறந்தேதான் கிடக்கும். சமையலறை ஜன்னலைச் சாத்தி, பழைய காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு வந்தேன். ஆட்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதானே காஸில் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்? நேற்று ருசி மேசையில் சேர்ந்த பையன்கூட வாசலிலேயே சொல்லிவிடுவான். எதிர்த் தோப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கத்தால்டோ வாயில் சுருட்டோடு வந்து, கதவைத் திறந்து ஒரு கணம் நின்றார். திரும்பி வந்துவிடுங்கள் அண்ணே என்று மனசார வேண்டிக்கொண்டேன். அவர் உள்ளே போய்த் தீக்குச்சியை உரசினார்.

நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். சோதனையில் அவர் தேறவில்லை, அவ்வளவுதான். தலைவர் நாற்காலிக்காகச் செய்தேன் என்று ஊரில் பேசுகிறார்களாம். அதில் நான் உட்கார்ந்ததே இரண்டு தடவைதான். உட்கார்ந்தால் முதுகுக்கு வசதி, வேறொன்றுமில்லை.

நுன்சியாவை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அப்படியொரு மூக்கு இந்த ஊருக்கு இனி வராது. சாதாரணச் சளிதானே, நாலு நாளில் சரியாகிப் போயிருக்கும்.