வான்கோழி கொத்திய காது

ஹலோ? … ஹலோ! … நீங்க மனுஷியா, இல்ல மறுபடியும் அந்த மிஷினா? … அப்பாடா. கண்ணு, அம்பத்தொரு நிமிஷமா ஒரே பியானோவக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அத வாசிச்சவனுக்கு கை வலிக்காதா?

ஆமா, ஆமா. எலிசபெத்டவுன்ல இருந்து. கெண்டக்கி. டாக்டர் ஓக்லி பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக். நான் வெர்லீன், இங்க பில் எழுதுறவ, இருபத்திரெண்டு வருஷமா. … உங்க பேரு? … கெண்ட்ராவா. லூயிவில்ல இருந்தா பேசுறீங்க? அட, பக்கந்தான்.

தெரியும் தெரியும், கால் பதிவாகுது. ஆகட்டும். நான் சொல்லப்போறத நாலு பேரு கேக்கட்டும்.

நோயாளி பேரு ஒடெல்லா கிரிக்ஸ்பி. … பிறந்த தேதியா? … கொஞ்சம் இருங்க, மெதுவாத்தான் சொல்லணும். அவங்க இங்கதான், என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. சர்ச்சுல வேற வயசு சொல்லி வச்சிருக்காங்க. … எழுதிக்கிட்டீங்களா? … ஆமா, அறுபத்தேழுதான். சத்தமா சொல்லாதீங்க!

ஒன்னுமில்ல அக்கா. உங்க நம்பரக் கேக்குறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். போன அக்டோபர்ல இவங்க காதுச் சோணை, அதான் தோடு குத்துற இடம், கிழிஞ்சுபோச்சு. எங்க டாக்டர் தைச்சாரு. நாங்க பில் அனுப்புனோம். நீங்க என்ன பண்ணீங்க? அழகுக்காகப் பண்ணுன வேலை, இன்ஷூரன்ஸ் தராதுன்னு திருப்பி அனுப்புனீங்க. நான் நாலு லெட்டர் போட்டேன். நாலுக்கும் அதே பதில்! ஆறு மாசக் கெடு இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. அதுக்குள்ள நீங்க ஒத்துக்கலேன்னா முழுப் பில்லும் இவங்க தலையில. பள்ளிக்கூடத்துல சமையல் வேலை பாக்குற பொம்பள. செத்துப்போன புருஷனோட பிக்கப் வண்டி மேல 'விற்பனைக்கு'ன்னு போர்டு மாட்டிட்டாங்க, தெரியுமா?

… அழகா? அழகுக்கா? ரத்தம் ஒழுக ஒழுக, பாத்திரம் துடைக்கிற துணியக் காதுல அமுக்கிக்கிட்டு வந்தாங்க கண்ணு! அதுக்குப் பேரு அழகா?

… எப்படிக் கிழிஞ்சுச்சா? பில்லுலயே காயத்துக்கான எண்ணு இருக்கே. டபிள்யூ அறுபத்தொண்ணு புள்ளி நாலு மூணு. … ஆமா. வான்கோழி கொத்துனது.

… இல்ல, விளையாட்டு இல்ல. அப்படி ஒரு எண்ணு நிஜமாவே இருக்கு. கோழி கொத்துனா வேற எண்ணு. வாத்து கடிச்சா வேற எண்ணு. … கிளிக்கும் இருக்கு, ஆமா. … சிரிங்க சிரிங்க, நானும் அன்னிக்கு சிரிச்சேன். இருபத்திரெண்டு வருஷத்துல மொத வான்கோழி எனக்கு. புத்தகத்துல தேடிக் கண்டுபுடிச்சு, ஆபீசு பூரா கூப்பிட்டுக் காட்டுனேன்!

… அவங்க தீனி போடக் குனிஞ்சாங்க. காதுல மக்காச்சோளக் கதிர் மாதிரி தொங்கட்டான். நல்ல மஞ்சள். வான்கோழி அதச் சோளம்னே நெனச்சு ஒரே இழுப்பு. …

யாரோட வான்கோழியா? அத எதுக்குக் கேக்குறீங்க? … ஓ, அடுத்தவங்க வான்கோழின்னா அவங்ககிட்ட வசூல் பண்ணுவீங்களா? இவங்களோடதுதான். இவங்களே வளர்த்தது. இப்ப இவங்க மேல இவங்களே கேஸ் போடணுமா?

… அது இப்ப எங்கயா? கண்ணு, அது அக்டோபர். அதுக்கு அடுத்த மாசம் என்ன வரும்? … ஆங், தேங்க்ஸ்கிவிங். ஊரே வான்கோழி சமைக்கிற நாள். தின்னாச்சு. … யாரா? அக்கா, யாரு தின்னீங்க? … இவங்களும் இவங்க தங்கச்சி வீட்டாளுங்களும். இவங்க ரெண்டு தடவ வாங்கித் தின்னாங்களாம்.

… என்ன? … எப்படித் தைச்சாருன்னா கேக்குறீங்க? டாக்டர் குறிப்பு இருக்கு, படிக்கிறேன். புதுக் காயம், மூணு மணி நேரத்துக்குள்ள. கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு… … வலிக்காது கண்ணு, அந்த ஊசி மட்டும் எறும்பு கடிக்கிற மாதிரி. இதெல்லாம் கூடவா உங்க படிவத்துல கேக்குது? … சரி சரி. கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் சேர்த்து முன்னாடியும் பின்னாடியும் தையல். நேர்கோடாப் போட்டா ஆறும்போது சுருங்கி அடியில பள்ளம் விழும். அதனால கீழ் ஓரத்துல மட்டும் கொஞ்சம் வளைச்சு வளைச்சுப் போடுவாரு. …

பழைய கிழிசலா? அது வேற வேலை. நாளானா ரெண்டு பக்கமும் தோல் மூடிக்கும். அப்படியே வச்சுத் தைச்சா ஒட்டவே ஒட்டாது. ஓரத்த லேசா சீவி, புதுக் காயமாக்கி, அப்புறந்தான் தைக்கணும். … ஒட்டும். எத்தன வருஷம் ஆனாலும் ஒட்டும். … தோடா? ரெண்டு மாசம் பொறுக்கணும். தழும்பு மேல குத்தாம தள்ளிக் குத்தணும். … கண்ணு, மணி மூணே கால் ஆச்சு. ஒடெல்லா காது புதுசுதான். பழசு இல்ல. அத எழுதுங்க மொதல்ல!

… என்ன இருக்கு? … எங்க பில்லுலயா? … இருக்காது. … இருக்கவே இருக்காது. நான் எழுதுனது. நீங்க வேற எதையோ பாக்குறீங்க. … வான்கோழி எண்ணுக்கு மேல இருக்குற வரியா?

ஒரு நிமிஷம். எங்க நகல எடுத்துப் பாக்குறேன். … இருங்க. … கண்ணாடி எங்க… அக்கா, உங்க கைப்பைய அந்தப் பக்கம் தள்ளுங்க. …

அய்யோ.

… இருக்கேன் கண்ணு. லைன்லதான் இருக்கேன். … ஆமா. 'பழைய பிளவு, அழகுக்காக.' என் கையெழுத்துதான் கீழ.

வெள்ளிக்கிழமை கண்ணு அன்னிக்கு. வெள்ளிக்கிழமை எங்க டாக்டருக்கு காதுச் சோணை நாள். கனத்த தோடு போட்டுப் போட்டு ஓட்டை கீழ வரைக்கும் பிளந்துபோனவங்க எட்டுப் பேரு, பத்துப் பேரு வருவாங்க. எல்லாம் கைக்காசு. அவங்களுக்குன்னு நான் படிவத்த முன்னாலயே நிரப்பி அடுக்கி வச்சிருப்பேன். பேரு மட்டும் எழுதுனா போதும். இவங்க அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஓடி வந்தாங்க. நான் அந்த அடுக்குலயே ஒன்ன உருவிட்டேன். வான்கோழி எண்ணு கிடைச்ச சந்தோஷத்துல அத மட்டும் குண்டு குண்டா எழுதிட்டு, மேல் வரியப் பாக்கவே இல்ல.

… ஆமா. நாலு லெட்டர்லயும் உங்களத்தான் திட்டுனேன். 'கண்ணில்லாதவங்க'ன்னு ஒன்னுல எழுதுனேன். … அதுவும் உங்ககிட்ட இருக்கா? … படிக்காதீங்க. வேணாம். … படிச்சுட்டீங்களா.

வெட்கமா இருக்கு கண்ணு. மன்னிச்சுக்கங்க.

அக்கா. … அக்கா, இங்க பாருங்க. தப்பு அவங்க மேல இல்ல. நாந்தான் தப்பாப் போட்டேன். ஆறு மாசம் உங்கள அலைய விட்டது நாந்தான். … அடிங்க, கைப்பையாலயே அடிங்க. … என்ன சிரிக்கிறீங்க? … அந்த வான்கோழியோட என்னையும் சேர்த்து அடுப்புல வச்சிருக்கணுமா? … வச்சிருக்கலாம்.

கெண்ட்ரா, இப்ப சொல்லுங்க, வழி இருக்கா? … திருத்துன பில்லா? … மேல 'திருத்தியது'ன்னு போட்டு, பழைய பில் எண்ணு எழுதி, டாக்டர் குறிப்பும் சேர்த்து. … சரி. … சரி. … உங்க கைக்கே ஃபேக்ஸா? பேசிக்கிட்டே எழுதுறேன். பழைய பிளவு போச்சு. இடது காது, திறந்த காயம், புதுசு. வான்கோழி அப்படியே இருக்கட்டும்… அது ஒன்னுதான் நான் சரியாப் போட்டது. … போயிக்கிட்டிருக்கு. ரெண்டாவது பக்கம். … வந்துச்சா? … எல்லாம் தெளிவா இருக்கா? … மறுபடி பாருங்க. அவசரமில்ல. அவசரந்தான், இருந்தாலும் பாருங்க.

… என்ன சொன்னீங்க? … இன்னொரு தடவ சொல்லுங்க. … ஏத்துக்கிட்டாச்சா!

அக்கா! ஏத்துக்கிட்டாங்க! வண்டி மேல இருக்குற போர்டக் கழட்டி எறிங்க! … அழாதீங்க, எனக்கும் வந்துரும். … வந்துருச்சு.

கண்ணு, நீங்க நல்லா இருக்கணும். அவ்வளவு திட்டு வாங்கியும்… … ஹலோ? … ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? … வெள்ளிக்கிழமைக்கு என்ன? … வெள்ளிக்கிழமைல இடம் இருக்கான்னா கேக்குறீங்க?

… ஓ. … ஓகோ. வலிக்குமா, பழசு ஒட்டுமா, எப்ப தோடு போடலாம்… அதுக்குத்தானா! உங்க…

பதிவாகுது, ஆமால்ல. நீங்க பேசாதீங்க. நான் கேக்குறேன், நீங்க இருமுங்க. ஒன்னுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. நாம ஒரு உதாரண நோயாளியப் பத்திப் பேசுறோம், சரியா?

… சரி. உதாரணத்துக்கு ரெண்டு காதுமா? … ரெண்டு இருமல். அப்ப ஒன்னுதான். கனத்த தோடா? … இல்ல. குழந்தை இழுத்துச்சா? … ஆமா. கைக்குழந்தைக்கு எங்க இருந்துதான் அந்தப் பலம் வருமோ. எத்தன வருஷமாச்சு? … ஒன்னு, ரெண்டு, மூணு… … ஏழு… … பத்து, பதினொண்ணு. அய்யோ, தண்ணி குடிங்க கண்ணு!

பதினோரு வருஷமா தலைமுடிய அந்தப் பக்கமே இறக்கி விட்டு மறைச்சுக்கிட்டு, அடுத்தவங்க காதுக்கு 'அழகுக்காக, தர முடியாது'ன்னு நாள் பூரா பதில் சொல்லிக்கிட்டு… எனக்கு மனசே கேக்கல. உங்க கம்பெனில கேட்டுப் பாத்தீங்களா? … ஆமா. தந்தாங்களா? … ரெண்டு இருமல். அதானே.

… என்ன திடீர்னு சத்தமா? … ஓ, மேலாளர் பின்னால நிக்குறாங்களா. ஆமாங்க மேடம், தங்கள் சேவையில் மிகுந்த திருப்திங்க மேடம். பத்துக்குப் பத்துங்க மேடம். … போயாச்சா?

கேளுங்க. வர்ற வெள்ளிக்கிழமை, காலைல பத்து மணி. பேரு 'உதாரணம்'னு எழுதிக்கிறேன். பணத்த மாசா மாசம் கொஞ்சமாக் கட்டலாம், டாக்டர்கிட்ட நான் பேசுறேன். முன்னால நிரப்புன படிவம் தயாரா அடுக்குல இருக்கு. 'பழைய பிளவு, அழகுக்காக.' இந்தத் தடவ ஒரு எழுத்தக்கூட மாத்த வேண்டாம். உங்க கம்பெனிக்கு மட்டும் அனுப்ப மாட்டேன். அங்க ஃபோன எடுக்க அம்பத்தொரு நிமிஷம் ஆகுது.

வரீங்களா? … கெண்ட்ரா? … ஹலோ? … பியானோ வருதே! கண்ணு, பியானோவப் போட்டுட்டீங்க! …

… ஆங். ஒரு இருமல். … இன்னொன்னு வரலையே? … வரல. ஒன்னேதான். வெள்ளிக்கிழமை பத்து மணி. வைக்கிறேன்.