கதை முடியுமுன் கப்பல் ஏறியவள்

ஹலோ... ஹலோ, அம்மாதான்டா. மீட்டிங்ல இருக்கியா?... சரி சரி, ரெண்டே நிமிஷம். உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பதறாதே. நான்தான் மாட்டிக்கிட்டேன்... எங்க போவேன், வீட்டுலதான் இருக்கேன். மாட்டிக்கிட்டது கேம்ல.

சிரிக்காதே!... அந்தக் கேமோட சேத்து ஆடன்னு நீ புதுசா வாங்கிப் போட்டியே அந்தப் பனித்தீவு, அதுலதான்... ஆமா, போயிட்டேன்... ஆமாடா, நீ சொன்னே. மெயின் கதையை முடி, லெவல் ஏத்திக்கோ, அப்புறமா தீவுக்குப் போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டே. நான்தான் கேக்கல. இப்ப கோட்டைக்குள்ள வந்து நிக்கறேன், பின்னாடி கதவு சாத்திக்கிச்சு. எதிர்ல ஒரு ராட்சசன், மாடி உசரத்துக்கு. ஒரே அடி, நான் காலி. மறுபடி கதவுகிட்ட எழுந்திரிக்கறேன், மறுபடி ஒரே அடி. காலையிலேருந்து இதே பொழப்பு.

லெவலா? இருபத்திரெண்டு... நாப்பது வேணுமா? அடப்பாவி!

இரு... வரேங்க! ஒரு நிமிஷம்!... உங்கப்பாதான். திருப்பிப் படுக்க வைக்கணும்... தனியாத்தான். அந்த நர்ஸ் பொண்ணு வேலையை விட்டு நின்னுட்டா... ஆள் எங்கடா கிடைக்குது? வாசக்கதவைத் தாண்டி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல. காய்கறிக்காரர்கூட பையைக் கதவுல மாட்டிட்டுப் போயிடறார். கேம்ல அந்தக் குதிரையில ஏறி நாலு மலை சுத்தினாத்தான் எனக்கு மூச்சே வருது.

சரி, வழியைச் சொல்லு... குடிச்சேன், கேம்ல இருந்த மருந்தெல்லாம் குடிச்சுத் தீத்தாச்சு... ஓட இடம் எங்க இருக்கு?... ம்... ம்... பழைய சேவா? தீவுக்குக் கப்பல் ஏறறதுக்கு முந்தி பதிஞ்சு வெச்சதா?... இருக்கு, இருக்கு... அதைப் போட்டா வெளிய வந்துடலாமா!... அப்போ தீவு? அந்த மீன்காரியை ஓநாய்கிட்டேருந்து காப்பாத்தினேனே?... ஓ... நான் வந்ததே இல்லாத மாதிரி ஆயிடுமா.

கேக்கறேன், சொல்லு... ஆமா, பொறுத்திருக்கலாம்... ஆமா ஆமா... என்னது?... இல்ல, இப்ப சொன்னியே, அதைத் திருப்பிச் சொல்லு. எது முடிஞ்சதும் நான் நிம்மதியா உக்காந்து ஆடலாம்?... மழுப்பாதே. நீ சொன்னது கேம் கதையை இல்ல. உங்கப்பாவைச் சொன்னே.

...

டேய்... அழாதே. நான் திட்டல. கேளு... கேளுடா. எனக்கும் அது தோணுச்சு. போன வாரம் அவருக்கு உடம்பு துடைச்சு விட்டுக்கிட்டிருக்கேன், மனசு பாட்டுக்கு உள்ள கணக்குப் போடுது, இவர் காலம் ஆனப்புறம் தீவை ஆரம்பிக்கலாம்னு. அவர் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கார். சீன்னு ஆயிடுச்சு எனக்கு. கையைக் கழுவிட்டு வந்து அன்னிக்கே கப்பல் ஏறிட்டேன்.

... இல்ல. தோத்தா தோத்துட்டுப் போறேன், அதனால என்ன? அவர் எப்பப் போவார்னு காத்துக்கிட்டிருக்கறவளா மட்டும் நான் இருக்க மாட்டேன்.

வரேங்க! வந்துட்டேன்!... பழைய சேவ் வேணாம்டா. இங்கயே நின்னு அடி வாங்கிக்கறேன். கூப்பிடறார், வெச்சிடறேன்.