பலகையில் தவறில்லை

எனக்குக் குளிர் பிடிக்கும். இங்கே வந்த நம் ஆட்கள் எல்லோரும் டென்மார்க் குளிரைத் திட்டித் தீர்ப்பார்கள், நான் திட்டியதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் பதினாறு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு வியர்க்காமல் யோசிக்கக் கிடைப்பதே பெரிய காரியம்.

சண்முகலிங்கம் ஆகிய நான் இதைத் தமிழில் எழுதுகிறேன், ஐயா. என் டெனிஷ் ஏழு வயதுப் பிள்ளையின் டெனிஷ். முக்கியமான விஷயத்தைப் பிள்ளைப் பேச்சில் சொல்ல விருப்பமில்லை. மொழிபெயர்க்கிறவர் ஒரு சொல்லையும் விடாமல் உங்களுக்குச் சொல்லட்டும். குருசுமுத்துவின் சாவு விபத்து என்று உங்கள் பொலிஸ் அறிக்கை முடிகிறது. கிடங்குக் கதவின் பலகையில் இரண்டு தமிழர்கள் எழுதிவைத்த எகிப்தியக் குறிகள், வேலையை மேற்பார்வை செய்யும் போர்மன் வெர்னரைக் குழப்பிவிட்டனவாம். அது பிழை. அந்தக் குறிகள் யாரையும் குழப்பாதவை. இதைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை.

குருசுமுத்து மன்னார்க் கடற்காரன், முப்பது வயது. கிரின்ஸ்டெட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே வேலை. ஊருக்கு வெளியே இருந்த உறைகிடங்கில் இறைச்சிப் பெட்டிகளை அடுக்குவோம். உள்ளே மைனஸ் இருபத்துநான்கு. பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் சைக்கிளில் போய் வந்தோம். எண்பத்தைந்தாம் ஆண்டு கோடையில் நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தை எடுத்து, பழைய எகிப்திய எழுத்தைப் படிக்கத் தொடங்கினேன். குருசு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். நான் சொல்வேன், அவன் கேட்பான். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

எண்களைப் பாருங்கள், எவ்வளவு எளிது. ஒன்றுக்கு ஒரு நேர்கோடு. பத்துக்கு மாட்டின் காலில் கட்டும் தளை, கவிழ்த்துவைத்த லாடம் போல இருக்கும். நூறுக்குக் கயிற்றுச் சுருள். ஆயிரத்துக்குத் தாமரை. இருநூற்று நாற்பத்துமூன்று என்றால் இரண்டு சுருள், நான்கு தளை, மூன்று கோடு. இடம் மாறினாலும் மதிப்பு மாறாது. வெற்றிடத்தை நிரப்பப் பூச்சியமும் வேண்டாம். நம் எண்ணில் ஓர் இலக்கத்தை அழித்தால் எல்லாம் குலைந்துவிடும். அங்கே ஒரு கோட்டை அழித்தால் ஒன்று மட்டும் குறையும், மிச்சம் சரியான எண்ணாகவே நிற்கும். எதையோ அழித்திருக்கிறார்கள் என்றே தெரியாது.

கிடங்குக் கதவுக்கு வெளியே ஒரு கரும்பலகை தொங்கும். மேல்பாதியில் பெட்டிக் கணக்கு, கீழ்ப்பாதியில் உள்ளே நிற்கும் ஆட்கள். உள்ளே போகிறவன் ஒரு கோடு போட வேண்டும், வந்ததும் அழிக்க வேண்டும். இது நாங்கள் வருவதற்கு முன்பே வெர்னர் வைத்த ஒழுங்கு. நாங்கள் பெட்டிகளையும் தளை, சுருள் என்று எழுதப் பழகினோம். வெர்னர் ஒரே நாளில் அதைப் படித்துக்கொண்டு, எங்களைவிட வேகமாகக் கூட்டினார். எனவே குழப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குருசு மட்டும் ஒன்று கூடுதலாகச் செய்வான். எகிப்தியர் ஒரு சொல்லை எழுதியபின், அது எந்த வகை என்று காட்டக் கடைசியில் ஒரு படம் போடுவார்கள். ஆணின் பெயரென்றால் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் மனிதன். அந்தப் படத்தை வாசிப்பதில்லை, பார்ப்பதோடு சரி. குருசு தன் கோட்டுக்குப் பக்கத்தில் அந்த மனிதனைக் குட்டியாக வரைந்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

"கீழ்ப்பக்கம் ஆக்கள்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏன் மினக்கெடுறாய்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் மாஸ்ரர். பெட்டியும் கோடு, நானும் கோடு எண்டால் ஒருமாதிரிக் கிடக்கு."

எண்பத்தாறு ஜனவரியில் நூலகத்தார் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள், வெர்னரும் மனைவியோடு வந்திருந்தார். இங்கே வந்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் டை கட்டினேன். குருசு படங்களைத் திரையில் போட்டான். ஒரு கல்வெட்டை இடமிருந்து வலமாக வாசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகச் சொன்னான்:

"மாஸ்ரர், படத்தில குருவியள் எல்லாம் வலப்பக்கம் பாக்குது. அதுகளின்ர முகம் பாக்கிற பக்கத்தில இருந்தெல்லோ தொடங்கவேணும்? வள்ளத்தையும் முன்பக்க அணியத்தைப் பாத்துத்தானே எங்கால போகுது எண்டு சொல்லுறது."

என்ன சொல்கிறார் என்று நூலகப் பெண் கேட்டாள். அவன் தெரிந்த நாலு டெனிஷ் சொல்லாலும் கையாலும் விளக்கினான். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல மனத்தோடுதான். நான் ஒரு அரசனின் பெயரை அரை மணி நேரமாகத் தலைகீழாக வாசித்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கிடங்கில் வெர்னர் சந்தேகங்களை அவனிடம்தான் கேட்டார். ஊரிலிருந்த குருசுவின் மனைவி மாக்கிரட்டுக்கு விசா கிடைத்திருந்தது. மகளோடு ஏப்ரலில் வருவதாக இருந்தாள். அவளுக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பில் மாக்கிரட்டின் பெயரை எகிப்திய எழுத்தில் எழுதி, சுற்றி ஒரு வளையம் போட்டான். வளையம் அரச குடும்பத்துப் பெயர்களுக்கு மட்டும் என்று சொன்னேன்.

"எனக்கு அவள்தானே மாஸ்ரர் ராணி."

அவன் என்னைத் திருத்தலாம், நான் அவனைத் திருத்தக்கூடாது. அன்றைக்கு அவனை வெறுத்தேன். இதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

பெப்ரவரியில் அந்தப் புதன்கிழமை கதவின் உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகி, சாத்தினால் உள்ளேயிருந்து திறக்க முடியாமல் போனது. திங்கட்கிழமை திருத்துவார்கள், அதுவரை பலகையைக் கவனமாகப் பாருங்கள் என்று வெர்னர் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் இருவர்தான் உள்ளே இருந்தோம்.

"நீங்கள் போங்கோ மாஸ்ரர், பின்னுக்கு ஒரு அடுக்குச் சரியுது. பத்து நிமிசத்தில வாறன்."

முழுக்கச் சாத்தாமல் விட்டிருந்த கதவால் நான் வெளியே வந்து, அதை இறுகச் சாத்தினேன். பலகையில் இரண்டு கோடுகள் இருந்தன. என் கோட்டை அழித்தேன். பிறகு மற்றதையும் அழித்தேன். வெர்னர் சாவியோடு வந்து, எல்லோரும் வெளியேயா என்று கேட்டார். நான் பலகையைக் காட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார், விளக்கை அணைத்தார், கதவைப் பூட்டினார். உள்ளே விசிறிகளின் இரைச்சலில் எதுவும் கேட்காது.

குருசுவின் சைக்கிள் வெளியே நின்றது. பனியில் நனையுமே என்று, என் சைக்கிளை ஒரு கையாலும் அதை மறு கையாலும் பிடித்து மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போனேன். அதை வெர்னர் கண்டிருந்தால் திரும்பிப் போய்க் கதவைத் திறந்திருப்பார் என்பதும் உண்மைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையில் இருந்தேன். சோறு ஒருவருக்கு மட்டும் போட்டேன்.

கதவின் உள்பக்கப் பனியில் நகத்தால் கீறியிருந்ததை உங்கள் அறிக்கை 'கிறுக்கல்' என்கிறது. அதுவும் பிழை. திங்கட்கிழமை நானே பார்த்தேன். அது மாக்கிரட்டின் பெயர், வளையத்துக்குள். குறிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. இருட்டில் எழுதியும் ஒரு பிழை இல்லை. என் வகுப்பில் என்றால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

இனி வெர்னரை விட்டுவிடுங்கள். பலகை சரியாக இருந்தது, அவர் அதைச் சரியாகத்தான் வாசித்தார். ஒரே மாதிரியான இரண்டு கோடுகளில் எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது, ஆகவே தெரியாமல் நடந்திருக்கலாம் என்று நீங்கள் எனக்கு அமர்த்தும் வழக்கறிஞர் எனக்காகச் சொல்லக்கூடும். நானும் சில வாரம் அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கணக்கைத் திருத்த வந்தவன் பலகையில் இருந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். என் கோட்டை அழித்தபின் நான் கையுறையைக் கழற்றி, மற்றக் கோட்டைத் தொடுமுன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதனைக் கட்டைவிரலால் துடைத்தேன். அவன் போன பிறகு அங்கே மிஞ்சியது வெறும் ஒரு கோடுதான், ஐயா.