அருணாவின் கணினி பதினொன்றுக்கு மாறியது

கணினியில் பழைய சிஸ்டத்திலேயே இருப்பதா, புதியதற்கு மாறுவதா என்று என்னிடம் யாராவது கேட்டால் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பத்தாம் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அதைச் செய்தவர்களே தேதி போட்டுச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அதையே கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தம் இல்லை. போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டுக் கணினியைப் பதினொன்றாம் பதிப்புக்கு மாற்றினேன். மாற்றியது சரியான முடிவு என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். மாற்றிய விதத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

என் பெயர் சகாதேவன். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகை அறைகள். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள். யார் வந்தாலும் துவைத்த படுக்கை விரிப்பு, வெந்நீர், அறுந்துபோகாத வைஃபை. விருந்தாளியைக் காக்கவைத்தவன் என்ற கெட்ட பெயர் எனக்கு இந்த ஊரில் கிடையாது.

என் மனைவி அருணாதேவிக்கு ஒரு பௌர்ணமி அன்று பக்கவாதம் வந்தது. சாதாரணப் பக்கவாதம் இல்லை. மூளைத்தண்டில் வந்தது என்றார்கள். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், ஆனால் உடம்பில் எதுவும் அசையாது. கண்ணிமைகளும் வலது கட்டைவிரலும் மட்டும் அவள் சொன்னபடி கேட்டன. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். "அன்னிக்குப் பௌர்ணமிங்க" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான், வண்டியை விடமாட்டார்கள், இது ஊருக்கே தெரியும். வண்டி வரத் தாமதமானது என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பௌர்ணமி என்று மட்டும் சொல்வேன். மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

அப்போதிலிருந்து ஒரு தடவை கண்ணை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அவளால் அவ்வளவுதான் பேச முடிந்தது. நாம் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் வரும். ஒரு மாதிரி நிம்மதியான ஏற்பாடு அது.

அதைக் கெடுத்தவர் மாடியில் தங்கியிருந்த ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர். கெடுத்தவர் என்று சொல்லக்கூடாது, தங்கமான மனிதர். ஓய்வுபெற்ற என்ஜினீயர். தியானத்துக்கு வந்தவர், தினமும் அருணா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தியானத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் செய்துகொடுத்த புரோகிராமில், திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசையில் அருணா கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்துவாள். பிறகு வெளிச்சம் எழுத்து எழுத்தாக நகரும், மறுபடி அழுத்துவாள். வாக்கியம் சேர்ந்ததும் கணினி அதை ஒரு பெண் குரலில் வாசிக்கும். ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

அதில் அவள் முதலில் சொன்னது, "ஃபேனைக் கம்மி பண்ணுங்க." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாதக்கணக்கில் அவள் குளிரில் கிடந்திருக்கிறாள். யாருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் தங்கம்மாளோடு நாள் முழுக்கப் பேசுவாள். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சினேகாவோடு போனில் பேசுவாள். ஒரு வாக்கியத்துக்கு அரை டம்ளர் காபி ஆறிப்போகும்; சினேகா பொறுமையாகக் காத்திருப்பாள். ஹென்ரிக் ஊருக்குப் போகும்போது ஒரு பென்டிரைவை என் கையில் வைத்து மூடி, புரோகிராமின் மூலப் பிரதி இதில்தான் இருக்கிறது, பத்திரம் என்றார். போன வருடம் கோடையில் அவர் இறந்துவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருந்தான். அருணா அன்று பொத்தானைத் தொடவில்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருந்தேன். அவள் பொத்தானை அழுத்த ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து நின்றேன்.

"அன்னிக்கு மத்தியானமே சொன்னேன்" என்றது கணினி.

நான் கிண்ணத்தைத் துடைத்தேன். வெளிச்சம் மறுபடி வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபம் இல்லை. அடுத்தது என்ன எழுத்து என்று மனசு முன்னால் ஓடும்.

"சினேகா தீபாவளிக்கு வரட்டும். சொல்லணும்."

"இப்ப எதுக்கு அருணா அதெல்லாம்?" என்றேன்.

"அவளுக்குத் தெரியணும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் அதற்கு வராது. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் நடந்தது இதுதான். ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது, வயதானவர்கள் எல்லாம் சேர்ந்து. நான் மாடியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அருணா படியேறி வந்து, "கை ஒரு மாதிரி மரத்துப்போவுதுங்க. நாக்கு குழறுது" என்றாள். குழறியது எனக்கும் கேட்டது. "பித்தமா இருக்கும். கொஞ்ச நேரம் படு, வர்றவங்கள ரூம்ல விட்டுட்டு வந்துடறேன்" என்றேன். அப்போது சாலை திறந்துதான் இருந்தது. ஆட்டோ சந்து முனையிலேயே நின்றது. அவர்கள் வந்தார்கள், வெந்நீர் கேட்டார்கள், கோயிலுக்கு வழி கேட்டார்கள். நான் கீழே இறங்கியபோது நிலா வந்துவிட்டது. அவள் வாய் கோணிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி கிடந்தாள். ஆம்புலன்ஸ் தாமதமில்லாமல்தான் வந்தது. கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டே விலகி வழிவிட்டது.

சினேகாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? எனக்கு இருப்பது ஒரு மகள். அம்மாவை அப்பா கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறவள். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அருணாவுக்கும் அது நல்லதில்லை என்று பட்டது. மகளும் அப்பாவும் பேசிக்கொள்ளாத வீட்டில் ஒரு நோயாளி எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

அந்த வாரம்தான் கணினி அந்த அறிவிப்பைக் காட்ட ஆரம்பித்தது. ஆதரவு முடியப்போகிறது, உங்கள் கணினி பதினொன்றுக்குத் தகுதியானது, இப்போதே மாறுகிறீர்களா என்று. பிறகு நினைவூட்டு என்று ஒரு பொத்தானும் இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். வைரஸ் வரலாம், விருந்தாளிகள் எல்லோரும் அதே வைஃபையில் இருக்கிறார்கள். மாறுவதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஒன்றுகூட நானாக இட்டுக்கட்டியது இல்லை.

பொத்தான் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, மடிக்கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு மாறனிடம் போனேன். சன்னதித் தெருப் பக்கம் சின்னதாகக் கணினிக் கடை வைத்திருப்பவன், சுத்தமான வேலைக்காரன். எங்கள் வைஃபையைச் சரிசெய்ய இரண்டொரு முறை மாடிக்கு வந்திருக்கிறான்; அருணாவின் அறைக்குள் வந்ததில்லை. அவன் வேலை தொடங்கும் முன் ஒரு பழக்கம் வைத்திருந்தான், எந்த மெஷினைத் தொட்டாலும் கேட்பான்.

"சார், இதுல ஸ்பெஷலா ஏதாச்சும் பழைய புரோகிராம் ஓடுதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. புதுசுல சிலது எடுக்காது."

"ஒன்னும் இல்லப்பா. வீட்ல பாட்டு கேப்பாங்க, அவ்ளோதான்."

அவன் வேலை முடியும்வரை பக்கத்து ஓட்டலில் டீ குடித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பழையபடி பொருத்தினேன். திரை பளிச்சென்று அழகாக இருந்தது. எழுத்துகள் வரவில்லை. அருணா கட்டைவிரலால் அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தங்கம்மாள்தான் அழுதுகொண்டே மாறனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"சார், அம்மா பேசறதே இதுலதான்னு அந்தக்கா சொல்றாங்க. எனக்குத் தெரியவே தெரியாது சார். பயப்படாதீங்க, பத்து நாளைக்குள்ளன்னா பழசுக்கே திருப்பிடலாம். இப்பவே பண்ணிடறேன்."

"அவ இப்பதான் தூங்கறா. மாடில எல்லாம் விருந்தாளிங்க வேற. நானே கூப்பிடறேன், நீ போப்பா."

போகும்போது திரும்பி நின்றான். "நான் கேட்டேன் இல்ல சார்? பழைய புரோகிராம் இருக்கான்னு?"

"கேட்டியா? இல்லையேப்பா" என்றேன். "பரவால்ல விடு. வேல டென்ஷன்ல மறந்திருப்ப."

அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன். மறுநாள் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். ஒரு நாள் குளிப்பாட்டுகிறார்கள் என்றேன், ஒரு நாள் காய்ச்சல் என்றேன். நான் கூப்பிட்டபோது பத்து நாள் தாண்டியிருந்தது. சினேகாவும் வந்திருந்தாள்.

மாறன் தரையில் உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தான். பழசுக்குத் திரும்பும் வழியைக் கணினியே அழித்துவிட்டது. பழைய சிஸ்டத்தை மறுபடி போட்டான்; அந்தப் புரோகிராமைப் போட மூலப் பிரதி வேண்டும். "அந்த ஃபாரினர் பென்டிரைவ் எதாச்சும் குடுத்தாரா சார்?" என்று கேட்டான். வீடு முழுக்கத் தேடினோம். சினேகா பரணில் ஏறித் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

"கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா? எங்கம்மா வாயையே அடைச்சிட்டீங்களே" என்று சினேகா அவனிடம் சொன்னாள். அவன் தலை நிமிரவில்லை. "விடும்மா, பாவம். தெரியாம பண்ணிட்டான்" என்றேன்.

பிறகு சினேகா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதம்மா. அப்பா நல்லா பாத்துக்கறாரு இல்ல?" என்று கேட்டாள்.

அருணா கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"கண்ணு எரிச்சல்மா அவளுக்கு" என்றேன். "ரெண்டு நாளா இப்டித்தான் மூடி மூடித் தொறக்கறா."

சினேகா மேசையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்து, அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் விட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துப்பட்டாவால் துடைத்தாள். பொங்கலுக்கு வரும்போது வேறொரு கருவி வாங்கிவருகிறேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோம்மா என்றாள்.

அருணா பொங்கலைப் பார்க்கவில்லை. மார்கழியில் அருணாவுக்குக் காய்ச்சல் கண்டது. பித்தப்பை சீழ் பிடித்து வெடித்திருக்கிறது, பல நாளாகவே துடிக்கிற வலி இருந்திருக்கும் என்றார் டாக்டர். "வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். "அவங்களால பேச முடியாதுங்க" என்றேன். அது உண்மைதான். வலிக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் கண்ணை மூடித் திறந்ததும் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக நான் கொஞ்ச நாளாகக் கேள்விகளையே குறைத்துக்கொண்டிருந்தேன்.

பென்டிரைவ் குபேர லிங்கத்து உண்டியலில் போனது. கணினியை மாறனிடம் கொண்டுபோவதற்கு முந்தின பௌர்ணமியில் நானும் மலை சுற்றினேன். எல்லோரும் அங்கே சில்லறை போட நெருக்கியடித்தார்கள். நானும் கைநிறையச் சில்லறை எடுத்து, அதோடு சேர்த்துப் போட்டேன். எல்லாம் நல்லபடியாக முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் இப்போது சொல்வது மாறனுக்காகத்தான். அவன் கடையை மூடிவிட்டான். அடுத்தவர் மெஷினைத் தொடவே மாட்டேன் என்கிறானாம். ஒவ்வொரு பௌர்ணமியும் அருணா பெயரைச் சொல்லி, செருப்பில்லாமல் மலை சுற்றுகிறான். போகிற வழியில் எங்கள் வாசலில் நிற்பான். தார் சுட்டுக் கொப்பளித்த அந்தக் கால்களைப் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. வெட்கமாக இருக்கிறது. அவன் சுமப்பது என்னுடையது. அதை அவனிடம் சொல்லி இறக்கிவைக்கவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் அவனுக்கு மோர் கலக்கும்போது நினைப்பேன்.

இன்றைக்கும் பௌர்ணமி. சற்றுமுன் வந்து, மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். ஒவ்வொரு தடவையும் கேட்பதையே கேட்டான்.

"சார், கடைசியில அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் மனசுல வச்சிருந்தாங்களா?"

அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"சேச்சே. அதுக்கப்புறம் அவ யாரப் பத்தியும் ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லப்பா" என்றேன்.