ஆறு நாட்டு அட்டவணை

"ஹலோ... ஆமா, அக்காதான். வேற யாரு உன்னைச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடப் போறா? ... மீட்டிங்ல இருந்தா வெளிய வா. ... வா, சொல்றேன். ... நான் ரெக்கார்டு ரூம்ல இருக்கேன், கதவைச் சாத்திட்டேன். நீ வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சுகாதார அலுவலகக் கூடமும் அவளுடைய கவுண்டரும். ஏழு கவுண்டர்களை ஒன்றாக்கிய பிறகு வரிசை வாசல் தாண்டிப் போயிருந்தது. மெமோ காலையில்தான் கைக்கு வந்தது, மதியமே விசாரணை. அதிகாரம் இல்லாமல் நூற்று நாற்பத்துமூன்று ஆணைகளில் கையெழுத்திட்டதற்கு ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். அனுப்பியது நிர்வாகச் சீர்திருத்தப் பிரிவு. அதன் செயலாளர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"... ம். சரி, சரி, மெமோவுல இருக்கறது உன் கையெழுத்து இல்ல, உனக்குக் கீழ இருக்கறவர் போட்டது. உனக்குக் கை வலிச்சுதா? ... என்ன எழுதிக் கொடுக்கணும்? ... திருப்பிச் சொல்லு. ... 'சுற்றறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.' நானு. ... எழுதிக் கொடுத்தா வேலை போகாதுன்னு நீ எழுதித் தருவியா? ... ஆமா, தர மாட்டே."

"... சுற்றறிக்கை முன்னாடிதான் இருக்கு. ஆறு நாடு சுத்திட்டு வந்து நீ போட்ட அட்டவணை, நாட்டுக்கு ஒரு கட்டம், கடைசியில நமக்கு ஒண்ணு. ஒன்பதாவது வரிசை. 'கவுண்டரில் இருப்பவரே ஒப்பமிடலாம்.' எந்தக் கட்டத்துல இருக்கு? ... பாத்துச் சொல்லு. ... நம்ம கட்டத்துல. நீ போன குளிர் நாட்டுக் கட்டத்துல இருக்க வேண்டியதை ஒரு கட்டம் தள்ளி ஒட்டிட்டாங்க உன் ஆளுங்க. அங்க அதுக்குச் சட்டம் போட்டாங்க, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்தாங்க, தப்பு வந்தா துறையே பொறுப்புன்னு எழுதி வெச்சாங்க. நீ கவுண்டரை மட்டும் தூக்கிட்டு வந்தே. புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை. ... குறுக்க பேசாத. நீ போன தீவு நாட்டுல இதையே செஞ்சு மூணே வருஷத்துல கைவிட்டாங்களே, அது உன் பயண அறிக்கையில எங்க இருக்கு? அடிக்குறிப்புல, எறும்பு எழுத்துல. ... ஆமா, முந்நூத்தி நாப்பது பக்கமும் படிச்சேன். உன் மேலிடத்துல யாராவது படிச்சாங்களா?"

அந்த அறிக்கையால்தான் அவனுக்குப் பதவி உயர்வு. வீடே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, அவளும்தான் கொண்டாடினாள்.

"... அம்மாவை இழுக்காத. அம்மாவுக்கு பிரஷர் இருக்கறது அட்டவணை ஒட்டறப்ப ஞாபகம் வரலையா? ... நான் சொல்றதைக் கேளு. அந்த நூத்தி நாப்பத்தி மூணு பேரும் படுக்கையில கிடக்கறவங்க. வீட்டுக்கு நர்ஸ் வரணும்னு நான் போட்ட ஆணை. தப்பு என்மேலன்னு நான் எழுதிக் கொடுத்தா அத்தனை ஆணையும் செல்லாது, நாளைக் காலையில நர்ஸ் போக மாட்டாங்க. சுற்றறிக்கை தப்புன்னு நீ ஒத்துக்கிட்டா, அதை நம்பிப் போட்ட ஆணை நிக்கும், என் வேலையும் நிக்கும். உனக்குத் தெரியும்ல? ... ம். ... ம்."

"... என்னது, சந்தேகம் இருந்தா கேட்டிருக்கணுமா? கேட்டேனேடா. முதல் நாளே எழுதிக் கேட்டேன், ஒன்பதாவது வரிசை சரிதானான்னு. பதிலே போடல நீ. ... வரலையா? ... அப்படி ஒரு லெட்டரே வரலையா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தபால் பதிவேடுகளை எல்லாம் அவனுடைய சீர்திருத்தம் ஒழித்திருந்தது. இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்றார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கடிதம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், நாக்கூசாமல். அவன் உண்மையை ஒப்புக்கொண்டால் கையில் வைத்திருந்த பழைய நோட்டை யாருக்கும் காட்டாமல் பீரோவுக்குள் வைத்துவிடுவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தாள்.

"... சரிப்பா. ... இல்ல, அழல. ஒண்ணே ஒண்ணு கேளு. தபால் நோட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டே, ஆறு நாட்டுலயும் அந்த வழக்கம் இல்லேன்னு. நான் நிறுத்தல. யார்கிட்ட எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நோட்டுல கையெழுத்து வாங்கினாத்தான் எனக்குச் சோறு இறங்கும். ... அந்த லெட்டரை உன் ரூமுக்கே வந்து கொடுத்தேன். 'இன்னுமா இந்த நோட்டைத் தூக்கிட்டு அலையறே'ன்னு உன் ஆளுங்க முன்னாடி என்னைப் பாத்துச் சிரிச்சே. சிரிச்சுக்கிட்டே நோட்டுல கையெழுத்துப் போட்டே. ... தேதி இருக்கு, மணி இருக்கு, உன் முழுக் கையெழுத்து இருக்கு. கீழ சீல் வேற. நான் கேக்கல, கேலிக்கு நீயாக் குத்தினது."

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"... இப்ப அக்காங்கறே. ... விசாரணை அதிகாரி ரெண்டு மணிக்கு வர்றார். நோட்டு அவர் கைக்குப் போகும். ... வேண்டாம், நீ வராத. ... வந்தே தீருவியா? வா. வந்தா வரிசையில நில்லு. ஒரே கவுண்டர்தான், நீ வெச்சதுதான்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தாள்.