அறுபது என்றவர் நாற்பத்தெட்டு என்றார்

இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு உறுதியான செய்தி இது: இந்தப் பேருந்துப் பணிமனையின் தலைமை மெக்கானிக்கான நம் அக்காவின் செவிநரம்பை ஒட்டி வளர்ந்த கட்டி முழுதாக அகன்றுவிட்டது, நரம்பு அறுபடவில்லை. சொன்னவர் திங்களன்று அறுவை செய்த மருத்துவர். சான்று இன்றைய ஸ்கேன்.

அந்தச் செய்தியையே மாலையாக்கி, அவைத் தலைவரே, ஓய்வுபெற்றும் ஓயாத மூத்த ஓட்டுநர்களே, கைக்கறையோடு ஓடிவந்த தோழர்களே, தாய்மார்களே, அக்காவின் கணவராய் முன்வரிசையில் நகம் கடிக்கும் தையற்காரரே, அனைவரையும் வணங்குகிறேன்.

"காது கேக்குதாங்க?" என்கிறது பின்வரிசை. பொறுங்கள் ஐயா, அங்கேதான் வருகிறேன்.

ஓடும் பேருந்துக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். முன்னாலா, பின்னாலா? சக்கரத்திலா, அச்சிலா? கேட்டே கேடறிந்தவர் அக்கா. அவர் சொல்வார்: "சத்தம் வருதுன்னு சொல்ல ஒரு காது போதும்யா. எங்கருந்து வருதுன்னு சொல்ல ரெண்டும் வேணும்."

கட்டி வந்தது வலப்பக்கம். விட்டுவைத்தால் வளரும். எடுத்தால் வலது காதில் கேட்கும் திறன் தங்குமா?

"நூறு பேர்ல அறுபது பேருக்குத் தங்கும்மா" என்றார் மருத்துவர்.

"இவ அறுபதுல ஒருத்தியா, நாப்பதுல ஒருத்தியா?" என்றார் தையற்காரர்.

"அது தெரிஞ்சா நான் ஏன்யா நூறு பேரை இழுக்கறேன்?"

சிரிக்கிறீர்கள். அக்கா சிரிக்கவில்லை. "டாக்டர், சத்தத்தை வச்சு நான் ஒண்ணு சொன்னா, அதைப் பணிமனைச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதிடுவேன். இன்ஜினைப் பிரிச்சதும் பக்கத்துலயே சரி, தப்புன்னு போடுவேன். நீங்க எழுதி வைக்கறீங்களா?"

மருத்துவர் எழுதவில்லை! காது கேட்டது என்று கைகுலுக்கியவர்கள் நினைவில் நின்றார்கள். கேட்கவில்லை என்று கலங்கியவர்கள் கோப்புகளில் கிடந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புரட்டினார் அந்த மருத்துவர். அறுபது என்று சொல்லி அவர் அறுவை செய்தவர்கள் ஐம்பது பேர். காது தங்கியது இருபத்துநான்கு பேருக்கு.

ஏன் குறைந்தது? கட்டியின் அளவையும் முந்தைய கேட்கும் திறனையும் பார்த்தவர், நரம்பு செல்லும் எலும்புக் குழாயின் கோடியில் கட்டி அடைக்காத நீர் இடைவெளி மிச்சமிருக்கிறதா என்று கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஐம்பது பேரில் பலரைப் போலவே அக்காவின் ஸ்கேனிலும் அது நகத்தின் ஓரம் அளவே இருந்தது.

"அறுபது இல்லம்மா, நாப்பத்தெட்டு. மன்னிச்சுக்குங்க."

"இப்பத்தான் டாக்டர் உங்கமேல நம்பிக்கை வருது. தேதி சொல்லுங்க!"

எண் குறைந்தது, நம்பிக்கை கூடியது. இது விந்தையா, இல்லையா? கைதட்டல் எனக்கு வேண்டாம் தோழர்களே, சரிபார்க்கச் சொன்ன அந்தக் கேள்விக்குத் தட்டுங்கள்!

அறுவையின்போது அக்காவின் காதுக்குள் 'டிக் டிக்' ஒலி அனுப்பி, நரம்பின் பதிலைத் திரையில் அலையாகப் பார்த்தார்கள். ஒருமுறை அலை தாழ்ந்தது. கத்தி நின்றது. நான்கு நிமிடம். அலை திரும்பியது. ஆனாலும் திரையில் அலை இருப்பது வேறு, அக்காவுக்குக் கேட்பது வேறு.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கெல்லாம் என் நன்றி, வணக்கம். பின்வரிசை ஐயாவுக்கு என் பதில்: இன்னும் தெரியாது. கட்டைப் பிரித்து, காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை வரும் வியாழன் காலை பத்து மணிக்கு. மருத்துவமனைக்குப் போகுமுன் அக்கா பணிமனைச் சுவரில் எழுதியது: 'என் வலது காது – 48.' பக்கத்தில் காலி இடம். அதை நிரப்பும் சாக்பீஸ் தையற்காரரின் சட்டைப்பையில் இருக்கிறது.