மூன்று முறை கைண்ட்லி

என் வீட்டு நாயைக்கூட நான் 'வாங்க, சாப்பிடுங்க' என்றுதான் கூப்பிடுவேன், இன்ஸ்பெக்டர் சார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என் வாயிலிருந்து மரியாதை குறைந்து ஒரு சொல் வந்ததாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

என்னை எதற்கு அழைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். மன்னார்புரம் தாண்டி இருக்கிற எங்கள் தோல் கம்பெனியின் துரையை வீரமலை கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். தோல் சீவுகிற கத்தி. ஓடக்கூட இல்லை, கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் சீமைக்குத் திரும்பாத துரைக்குத் தமிழ் தெரியாது. வீரமலைக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். ஆகவே நான்தான் முதல் சாட்சி.

எனக்கு இங்கிலீஷில் மிகவும் பிடித்த சொல் கைண்ட்லி. எந்த வாக்கியமும் அது சேர்ந்தால் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டது போலாகிவிடும். கைண்ட்லி உட்காருங்கள், கைண்ட்லி கையெழுத்துப் போடுங்கள், லாரி கைண்ட்லி வந்துவிட்டது. துரை ஒருநாள் சிரித்தார். "உன் கைண்ட்லியைக் கேட்டாலே எனக்கு நிம்மதி. அவசரம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். தலை போகிற காரியமென்றால் மனிதன் கத்துவான்" என்றார். இதை நான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

வீரமலை சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊற வைப்பவன். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். "எப்பப் பாத்தாலும் கைண்ட்லிங்கிறீங்களே, அப்படின்னா என்னா சார்?" என்று கேட்டான். தயவுசெய்து என்று அர்த்தம் என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கைண்ட்லி சார். தொட்டிக்காரர்கள், வண்டிக்காரர்கள், வாசலில் முறுக்கு விற்கிறவள் வரைக்கும் அதுதான் பெயர். நான் புன்னகை செய்தேன்.

பிறகு ஒருநாள் மெயின்கார்டு கேட் பஸ் நிறுத்தத்தில், எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த உறையூர்க்காரரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில் வந்த வரன். பின்னாலிருந்து வீரமலை, "கைண்ட்லி சார், பஸ்ஸு வந்துடுச்சு, கைண்ட்லி ஏறுங்க" என்று குரல் கொடுத்தான். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். உறையூர்க்காரரும் சிரித்தார். எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. அவர்கள் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பின் எது நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு ஐப்பசி மழை. துரை பங்களா வராந்தாவில் சாயங்கால டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வீரமலை நனைந்தபடி ஓடிவந்து படிக்குக் கீழே நின்றான். கையெல்லாம் சிவந்திருந்தது. தோல் பதனிடும் பட்டைச் சாயம் ஏறிய கை எங்கள் கம்பெனியில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும், துரை கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"சார், வேலம்மாளுக்கு வலி கண்டு ரத்தமா போவுது சார். நிக்கவே மாட்டேங்குது. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. புத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டா பொழைச்சுக்குவா. தொரைகிட்ட காரு கேளுங்க சார்."

அவன் வேறு யாரிடம் கேட்க முடியும்? அந்த மழையில் ஜட்கா கிடைக்காது. கம்பெனியில் இருந்தது ஒரே கார்.

நான் துரையிடம் சொன்னேன்: "இவன் மனைவி கைண்ட்லி பிரசவத்தை எதிர்பார்த்திருக்கிறாள். தங்களுக்கு வசதிப்படும்போது கைண்ட்லி காரைத் தர முடியுமா என்று கேட்கிறான்." ரத்தம் என்பதை நான் சொல்லவில்லை. இங்கிலீஷில் பிளட் என்ற அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு கெட்ட வார்த்தை குடியிருக்கிறது. டீ குடிக்கிற பெரிய மனிதர் முன்னால் அதைச் சொல்லலாமா?

துரை என்னிடம் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். பிறகு அவர், காலையில் பார்ப்போம் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். வீரமலை படியில் தலையை முட்டிக்கொண்டான். பிறகு மாட்டு வண்டி தேடி ஓடினான். ஜங்ஷன் போய்ச் சேருவதற்குள் வேலம்மாள் வண்டியிலேயே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று அவன் என் காலில் விழுந்தான். நான் தடுக்கவில்லை, ஒருவர் செய்கிற மரியாதையை மறுப்பது அழகல்ல. "எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீசு அதான சார். அதை வச்சு உங்களை எம்புட்டுக் கேலி பண்ணிருக்கேன். அப்படியிருந்தும் எனக்காக மூணு தடவ கைண்ட்லின்னு கெஞ்சுனீங்களே. என் காதால கேட்டேன். மூணு தடவ கெஞ்சியும் மனசு எறங்கலைன்னா அவன் மனுசனா?" என்று அழுதான்.

"பொறுத்துக்கோங்க வீரமலை" என்றேன். மறுநாள்தான் கத்தியை எடுத்தான்.

லாக்கப்பில் உங்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறான். எங்க சார் தங்கமானவர், கெஞ்சிப் பார்த்தார், அவரைக் கேளுங்கள் என்று. அவனைத் தூக்கில் போடுவதற்கு அந்த ஒரு வாக்குமூலமே போதும் என்கிறீர்கள். இருக்கலாம். நான் அவனைக் கத்தி எடுக்கச் சொல்லவில்லை, துரையைக் காரைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யார் மனமும் நோகாமல்தான் பேசினேன்.

நீங்கள் இங்கிலீஷ் படித்தவர். நான் துரையிடம் சொன்னதைச் சொல்லச் சொல்ல விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தீர்கள். பிரசவத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று, மூன்றாவது கைண்ட்லி எங்கே என்று கேட்கிறீர்கள். இதுவரை ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை, ஆகவே சொல்கிறேன்.

துரை வீரமலையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கார்ச் சாவி இருந்த சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு, "அவசரமா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை சார். டீ ஆறிவிடும், கைண்ட்லி குடியுங்கள்" என்றேன்.